மின்னஞ்சற் பெட்டியை இடம்பெயர்த்தல்

வீடு மாறுகின்றவன் பழைய வீட்டினின்றும் ஒரு பெட்டியை எடுத்துச் சென்றால், அப்பெட்டி பின்னர்ப் பழைய வீட்டில் இராது. மின்னஞ்சலோ அங்ஙனமன்று. சர்வர் எனப்படும் வழங்கிக் கணினி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கடிதங்களைக் கொண்டுசெல்லுதல் என்பது உண்மையிற் படியெடுத்தலேயாம். மூலம் இருந்தவிடத்திலேயே இருக்கும். ஆதலின், ஒரே கடிதம் இருமுறை சென்று சேர்தற்கு வழி எப்பொழுதும் திறந்தே கிடக்கின்றது.

யான் அறிந்த ஓர் அலுவலகத்தில் இவ்வேலை ஓரிரவில் தொடங்கப்பெற்றது. நடுவில் இணைப்பு அறுந்தது. மறுநாட் காலையில் முதலிலிருந்தே மீண்டும் தொடங்கினர். சென்றவையெல்லாம் மறுபடியும் சென்றன. பெட்டிகள் சில தமக்கு விதித்த கொள்ளளவைக் கடந்தன. அதன்பின் வெளியிலிருந்து வந்த புதுக்கடிதங்கள் ஏற்கப்படாது அனுப்பினோரிடமே திரும்பின. அவற்றுள் ஓர் இளைஞரின் வேலை விண்ணப்பமும் இருந்ததென்பது காலங்கடந்தே தெரிந்தது. இரட்டைப்படி கண்ணுக்கு மட்டும் குறையன்று என்பதற்காகவே இதனைக் கூறினேன்.

இனிக் காரணத்தை ஆராய்வாம். கடிதங்களை வழங்கியிலேயே வைத்து வாசிக்க உதவும் ஐமாப் என்னும் நெறிமுறையை 1986-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் கிரிஸ்பின் என்பார் வகுத்தார். அதில் அப்பெண்டு என்றொரு கட்டளை உண்டு. கொடுத்த கடிதத்தைப் பெட்டியின் இறுதியிற் சேர்ப்பதே அதன் பணி. இக்கடிதம் முன்னமே உளதோ என்று அது வினவுவதில்லை. வினவவேண்டியவர் பெயர்ப்போரே.

எதனைக்கொண்டு வினவுவது? ஐமாப் ஒவ்வொரு கடிதத்திற்கும் யுஐடி என்னும் எண் ஒன்றைத் தருகின்றது. மாணாக்கர் பலர் இதனையே அடையாளமாகக் கொள்வர், அது பிழை. அவ்வெண் வகுப்பிலுள்ள வரிசையெண்ணை ஒத்தது. வகுப்பு மாறின் எண்ணும் மாறும். பழைய பெட்டியில் 512 ஆயிருந்த கடிதம் புதியதில் 3 ஆகலாம். கடிதத்தோடு கூடவே செல்வது மெசேஜ்-ஐடி என்னும் தலைப்புவரியாம். இதனைப் பெரும்பாலும் அனுப்புவோர் பக்கத்து மென்பொருளே, உலகில் வேறெதற்கும் இல்லாதபடி அமைக்கின்றது. ஆயினும் இவ்வரி கட்டாயமன்று. வரைவாக வைத்த கடிதங்களில் இஃது இல்லாதிருத்தலும் உண்டு. அத்தகையவற்றைத் தேதி, அனுப்பியவர், பொருள் என்பவற்றைச் சேர்த்து ஒப்பிடலாம். கடிதத்தின் பருமனை மட்டும் நம்புதல் தகாது. சில வழங்கிகள் ஒரு வரியைக் கூட்டியோ மாற்றியோ வைக்கும், உடனே ஒன்று வேறாகத் தோன்றிவிடும்.

ஜில் லமிரால் என்பார் இயற்றிய ஐமாப்சின்க் என்னும் மென்பொருள் மெசேஜ்-ஐடி வரியையும், வழியிலுள்ள வழங்கிகள் பொறிக்கும் ரிசீவ்டு வரிகளையும் கொண்டு கடிதத்தை இனங்காண்கின்றது. ஆகவே, இடையில் அறுந்தாலும் அஞ்சாது மீண்டும் ஓட்டலாம். இல்லாதவை மட்டுமே செல்லும். இவ்விரு வரிகளும் இல்லாத கடிதத்தை அது வழக்கமாக விட்டுவிடும். அதனைத் தடுத்தற்கு, மெசேஜ்-ஐடி வரியொன்றைப் புதிதாகச் சேர்க்கும் தெரிவும் அதில் உண்டு. முதலில் எதனையும் எழுதாது ஒத்திகை மட்டும் பார்க்கும் வசதியைப் பயன்படுத்தாமல் வேலையைத் தொடங்குவோரை யான் துணிவுடையோர் என்பேனல்லேன்.

ஜிமெயில் பெட்டி தனிச்சிக்கல் உடையது. அங்குள்ளவை அடைவுகளல்ல, சீட்டுகள். மூன்று சீட்டு ஒட்டிய கடிதம் ஐமாப் வழியே மூன்று அடைவுகளிலும், ஆல் மெயில் என்பதிலும் தோன்றும். அடைவு அடைவாகப் படியெடுத்தால் ஒன்று நான்காகும். எனவே ஆல் மெயிலை விலக்குவதா, அடைவுகளை விலக்குவதா என்று முன்னரே தீர்மானித்தல் வேண்டும்.

பாப் நெறிமுறையால் கடிதங்களை இறக்கிக்கொண்டு, வழங்கியிலும் ஒரு படி விட்டுவைப்போர் இன்னும் உளர். அவர்தம் கணினி, இறக்கியவற்றை யுஐடிஎல் என்னும் குறியால் நினைவில் வைக்கின்றது. புது வழங்கி வேறு குறியைத் தந்தால், பல்லாண்டுக் கடிதங்கள் அனைத்தும் புதியனபோல் ஒருநாட் காலையில் வந்து இறங்கும். பழைய குறிகளையே புது வழங்கியில் பேணச்செய்தல் இயலும். இயலாதவிடத்து, பெயர்ப்பு நாளுக்கு முன்னரே அவர்களுக்குச் சொல்லிவிடல் வேண்டும்.