விருந்தாளிகளோடு சிட்டிக்குள் இரண்டு நாள்

கோவையிலிருந்தோ திருநெல்வேலியிலிருந்தோ சொந்தக்காரர்கள் வந்து இறங்கும்போதே ஒரு பட்டியலோடுதான் இறங்குவார்கள். மெரினா, வண்டலூர், மகாபலிபுரம், மியூசியம், கபாலி கோயில், தி.நகர். "காலையில கிளம்பினா ஒரே நாள்ல பாத்துட்டு வந்துரலாம்ல மாப்ளே?" என்று மாமா கேட்பார். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் இருக்கிற நாம் தலையாட்டிவிட்டு, அப்புறம் வெயிலில் எல்லோரையும் இழுத்துக்கொண்டு அலைகிறோம். மதியம் இரண்டு மணிக்குப் பூட்டிய கோயில் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். கொஞ்சம் திட்டம் போட்டால் இது நடக்காது.

முதல் வேலை பட்டியலைக் குறைப்பது. வண்டலூரும் மகாபலிபுரமும் தெற்கே. இந்த இரண்டு நாளில் அவற்றைத் தொடவே கூடாது. தி.நகரில் புடவை எடுப்பது ஊர் சுற்றுவதில் சேராது, அதற்குத் தனி நாள். மிச்சம் இருப்பது எழும்பூர், திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், கோட்டை. நான்கும் சென்ட்ரலுக்குப் பக்கம்; இரண்டு நாளுக்கு நிறைவாக இருக்கும். வந்து இறங்கும் நாள் சாயங்காலம் வெளியே போகணும் என்று ஆசைப்பட்டால் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் கோயிலுக்கோ திருவேற்காட்டுக்கோ கூட்டிப் போங்கள். சிட்டிக்குள் வேண்டாம்.

அடுத்தது கிழமை. எழும்பூர் அரசு அருங்காட்சியகமும் கோட்டை அருங்காட்சியகமும் வெள்ளிக்கிழமை திறக்காது. மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள் விடுமுறை. கிண்டி சிறுவர் பூங்காவும் வண்டலூரும் செவ்வாய் மூடியிருக்கும். ஞாயிறு எல்லாம் திறந்திருந்தாலும் மின்சார ரயில்கள் குறைவு, பராமரிப்பு வேலைக்காகச் சில வண்டிகளை ரத்தும் செய்வார்கள். ஆகவே புதன், வியாழன். லீவு கிடைக்காதவர்கள் சனிக்கிழமையை ஒரு நாளாக வைத்துக்கொள்ளலாம்.

இனி எல்லோரும் தடுமாறுகிற இடத்துக்கு வருவோம். ஆவடியிலிருந்து சென்ட்ரலுக்கு முக்கால் மணி நேரம். அதில் ஒரு சிரமமும் இல்லை. இறங்கின பிறகுதான் குழப்பம். "சென்ட்ரல்" என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லும் இடத்தில் ஐந்து நிலையங்கள் இருக்கின்றன. நம் வண்டி வந்து நிற்பது மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ். பக்கத்திலேயே வெளியூர் வண்டிகளுக்கான பெரிய சென்ட்ரல். தரைக்கு அடியில் மெட்ரோ. சாலைக்கு எதிர்ப்புறம் பார்க், பார்க் டவுன் என்று இரண்டு.

இந்தக் கடைசி இரண்டில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பார்க் நிலையத்தில் வருவது பீச்–தாம்பரம் வண்டி. பார்க் டவுனில் வருவது வேளச்சேரி போகும் பறக்கும் ரயில். மயிலாப்பூர் போகவேண்டியவர்கள் பார்க்கில் ஏறிவிட்டு, மாம்பலம் வந்தபிறகுதான் "என்னங்க, கோயில் வரலியே" என்று விழிப்பார்கள். சுரங்கப்பாதையில் இறங்கும்போதே பலகையில் "டவுன்" இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நடங்கள். ஏறின பிறகு சிந்தாதிரிப்பேட்டை, சேப்பாக்கம், திருவல்லிக்கேணி என்று வந்தால் சரியான வண்டி. கலங்கரை விளக்கம் என்றொரு நிலையமும் வரும். பெயரைப் பார்த்து இறங்காதீர்கள், விளக்கம் அங்கிருந்து நல்ல நடை. மயிலாப்பூருக்குத் திருமயிலையில் இறங்கணும்.

எழும்பூருக்கு மட்டும் மெட்ரோ போதும், ஒரே நிறுத்தம். பத்து பேர் கூட்டத்தில் ஒருவர் வழிகாட்டியாக முன்னே போகணும், இன்னொருவர் கடைசியில் வரணும். இதை வீட்டிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

டிக்கெட்டைப் பற்றி இரண்டு சொல். கைப்பேசிச் செயலியில் எடுப்பதானால் நிலையத்துக்கு வெளியே நின்று எடுக்கணும். பிளாட்பாரத்துக்கு வந்தபின் அது தராது. சாதாரண டிக்கெட்டோடு முதல் வகுப்புப் பெட்டியில் ஏறிவிட்டால் அபராதம். வெளியூர்க்காரர்களுக்கு வித்தியாசம் தெரியாது, காலியாக இருக்கிறதே என்று ஏறிவிடுவார்கள். நாம்தான் பார்த்து ஏற்றணும்.

பூந்தமல்லிக்காரர்களுக்கு ரயில் இல்லை. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரையான 26 கிலோமீட்டர் மெட்ரோ முழுவதும் ஓடத் தொடங்கினால் இந்தப் பத்தியே தேவைப்படாது. அதுவரை, மதுரவாயல் வழியாகப் பஸ்ஸில் கோயம்பேடு, அங்கிருந்து மெட்ரோவில் எழும்பூர் அல்லது சென்ட்ரல். பாரிமுனை வரைக்கும் 54-இல் உட்கார்ந்தே போகலாம் என்பவர்கள் போகலாம். பெரியவர்கள் கூட இருந்தால் நான் அதைச் சொல்லமாட்டேன். சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதை ஊரிலிருந்து வந்த அத்தைக்கும் சொல்லிவிடுங்கள்.

இப்போது நாளை அடுக்குவது. விதி ஒன்றுதான்: பன்னிரண்டிலிருந்து மூன்று வரை கூரைக்குக் கீழே இருக்கணும். கோயில்கள் மதியம் சாத்தி நான்கு மணிவாக்கில்தான் திறக்கும். மியூசியம் மாலை ஐந்துக்கே மூடும். அதனால் கோயில் காலையிலோ சாயங்காலமோ, மியூசியம் நடுப்பகல், கடற்கரை கடைசி. காலையிலேயே மெரினாவில் ஆரம்பிப்பவர்கள் உடம்பெல்லாம் மணலும் வியர்வையுமாக மிச்ச நாளைக் கழிக்கணும்.

முதல் நாள் அவசரமே வேண்டாம். அலுவலகக் கூட்டம் வடிந்த பிறகு, ஒன்பதரைக்குமேல் வண்டி ஏறுங்கள். நேரே எழும்பூர். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. எல்லாக் கட்டடத்தையும் பார்க்க முயன்றால் கால் விட்டுப்போகும். வெண்கலச் சிலைக் கூடத்துக்கு முதலில் போங்கள். திருவாலங்காட்டு நடராஜர் அங்கேதான் இருக்கிறார். நம் அரக்கோணம் தடத்திலேயே இருக்கும் திருவாலங்காடு அது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அந்தச் சிலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார்கள். பிறகு அமராவதி சலவைக்கல் சிற்பங்கள். மற்றதை விட்டுவிடலாம். சாப்பாடு எழும்பூரிலேயே.

நான்கு மணிக்கு ஆட்டோவில் திருவல்லிக்கேணி. பார்த்தசாரதி கோயில், ரத்னா கபேயில் சாம்பார் இட்லி, அங்கிருந்து மெரினா. தண்ணீரில் இறங்க விடாதீர்கள். கணுக்கால் வரைதான் என்று ஆரம்பிப்பார்கள், அலை இழுக்கும் கடல் இது. பிள்ளைகளின் கையை ஒரு பெரியவர் பிடித்தே இருக்கணும். திரும்ப சேப்பாக்கத்தில் பறக்கும் ரயில், பார்க் டவுன், சென்ட்ரல்.

சென்ட்ரலில் சாயங்காலக் கூட்டத்தைப் பார்த்து மிரளவேண்டாம். புறப்படத் தயாராய் நிரம்பி நிற்கும் வண்டியை விட்டுவிடுங்கள். அடுத்தது அங்கிருந்தேதான் கிளம்பும். முதலில் ஏறினால் எல்லோருக்கும் இடம். திருத்தணி, அரக்கோணம் வேக வண்டியாக இருந்தால் பட்டரவாக்கம், அண்ணனூர் போன்ற இடங்களில் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள்.

இரண்டாம் நாள் இதற்கு நேர்மாறு. ஆறரைக்கெல்லாம் ரயிலில் இருக்கணும், எட்டு மணிக்குக் கபாலீசுவரர் கோயில். குளக்கரையைச் சுற்றி வந்து, மாட வீதியில் டிபன். அங்கிருந்து சாந்தோம் தேவாலயம், அப்போஸ்தலர் தோமாவின் கல்லறை மேல் எழுந்ததாக நம்பப்படுவது. பதினொன்றரைக்குப் பறக்கும் ரயிலில் கோட்டை நிலையம். அருங்காட்சியக வாசல் ராஜாஜி சாலைப் பக்கம். வெயிலில் சுற்றி நடக்காமல் ஆட்டோ எடுங்கள். உள்ளே சோதனை உண்டு, அடையாள அட்டை இருக்கட்டும், பெரிய பைகள் வேண்டாம். 1680-இன் புனித மரியாள் தேவாலயம் அந்த வளாகத்தில்தான்; ராபர்ட் கிளைவ் 1753-இல் கல்யாணம் செய்துகொண்ட இடம்.

முடித்துவிட்டு வந்தால் பர்மா பஜார். வாழைத்தண்டு சூப்போடு அத்தோ சாப்பிட வைக்காமல் யாரையும் ஊருக்கு அனுப்பக் கூடாது. எதிரே பீச் ஸ்டேஷன். அங்கிருந்து ஆவடி, திருவள்ளூர் பக்கம் நேரடி வண்டிகள் உண்டு, ஆனால் சென்ட்ரலைப் போல அடிக்கடி கிடையாது. நேரத்தைக் காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி வண்டியைப் பிடித்துவிட்டால் கூட்டத்துக்கு முன்னால் வீடு. அன்று ராத்திரியே விருந்தாளிகளுக்கு ரயில் என்றால் பெட்டிகளை நாள் முழுக்கச் சுமக்காதீர்கள். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுக் கிளம்ப நேரம் இருக்கும். கோவை, சேலம் போகிறவர்கள் சென்ட்ரலுக்குத் திரும்பப் போகவும் வேண்டாம். அந்தத் தடத்து வண்டிகள் பல பெரம்பூரில் நிற்கும். டிக்கெட் எடுக்கும்போதே ஏறும் இடத்தைப் பெரம்பூர் என்று போட்டுவிடுங்கள்.