நீலப் பாலாடைக்கட்டி – முக்கியக் குறிப்புகள்

வரையறை
- உட்புறம் முழுவதும் நீலம் அல்லது நீலப்பச்சைப் பூஞ்சை இழைகள் பரவிய பாலாடைக்கட்டி. வழக்குப் பெயர் புளூ சீஸ்
- மூலப்பொருள்: பசு, செம்மறி அல்லது வெள்ளாட்டுப் பால்
- பூஞ்சை: பெனிசிலியம் ரோக்ஃபோர்டி
- முதலில் விவரித்தவர்: அமெரிக்கப் பூஞ்சையியலாளர் சார்லஸ் தாம், 1906
- நிறத்துக்குக் காரணம்: கொனிடியங்களில் (பூஞ்சை வித்துகளில்) உள்ள நிறமி
- நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வு, 2024: இதே பூஞ்சையில் வெள்ளை முதல் செம்பழுப்பு வரை புதிய நிற வகைகள்

மிகப் பழைய சான்று
- இடம்: ஹால்ஸ்டாட் உப்புச் சுரங்கம், ஆஸ்திரியா
- சான்று: சுமார் 2,700 ஆண்டு பழமையான இரும்புக்கால மனிதக் கழிவு
- கண்டறியப்பட்டவை: பெனிசிலியம் ரோக்ஃபோர்டி, பீர் ஈஸ்ட்
- ஆய்வு வெளியான ஆண்டு: 2021

செய்முறை வரிசை
1. பாலில் அமில பாக்டீரியா, பூஞ்சை வித்து, ரென்னட் (பாலைத் திரளச் செய்யும் நொதி) சேர்த்தல்
2. திரளையை வெட்டித் தெளிநீர் வடித்தல்
3. அழுத்தாமல் அச்சில் நிரப்புதல். உள்ளே இடைவெளிகள் தங்குதல்
4. உப்பிடல்
5. ஊசியால் துளையிடல்
6. குளிர்ந்த, ஈரமான அறையில் முதிர்வு

- துளையின் நோக்கம்: கரியமில வாயு வெளியேற்றம், ஆக்சிஜன் நுழைவு
- துளையிடாத கட்டி: பூஞ்சை இருந்தும் நீலம் பரவாது
- வெட்டுமுகத்தில் அடையாளம்: நேர்க்கோடாக ஓடும் நீலம் = ஊசித் தடம்; ஒழுங்கற்ற நீலத் திட்டு = திரளைகளுக்கு இடையேயான வெற்றிடம்

சுவையின் வேதியியல்
- லைப்பேஸ் நொதி: கொழுப்பு → கொழுப்பு அமிலங்கள் → மீத்தைல் கீட்டோன்கள்
- தனி மணத்துக்கு முதன்மைக் காரணம்: 2-ஹெப்டனோன், 2-நோனனோன்
- புரதச் சிதைவு நொதிகள்: புரதம் → பெப்டைடுகள், அமினோ அமிலங்கள்; விளைவு: மென்மை, ஆழ்ந்த சுவை

ரோக்ஃபோர் (பிரான்ஸ்)
- ஊர்: ரோக்ஃபோர்-சுர்-சூல்சோன், அவேரோன் மாவட்டம்
- பால்: லாகோன் இனச் செம்மறியின் காய்ச்சாத பால் மட்டும்
- முதிர்விடம்: கொம்பாலு மலைக் குகைகள்
- ஃப்ளூரின்: குகைக்குள் குளிர்ந்த ஈரக்காற்றைக் கொண்டுவரும் இயற்கைப் பாறைப் பிளவு
- பூஞ்சை வளர்ப்பு, மரபு முறை: குகையில் வைத்த ரொட்டியில்
- குறைந்தபட்ச முதிர்வு: 90 நாள்
- 1411: ஆறாம் சார்லஸ் மன்னரின் சாசனம், முதிர்விக்கும் தனியுரிமை ரோக்ஃபோர் மக்களுக்கு
- 1925: பிரான்சில் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு பெற்ற முதல் பாலாடைக்கட்டி
- 1996: ஐரோப்பிய ஒன்றியத் தோற்றப் பெயர்ப் பாதுகாப்பு
- 1999: ஹார்மோன் மாட்டிறைச்சித் தகராறில் அமெரிக்கா விதித்த 100% வரி

ஸ்டில்டன் (இங்கிலாந்து)
- அனுமதி பெற்ற மாவட்டங்கள் 3: டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர்
- பெயர் தந்த ஸ்டில்டன் ஊர்: கேம்பிரிட்ஜ்ஷயர், பட்டியலுக்கு வெளியே, எனவே அங்கு தயாரிக்க இயலாது
- பெயர்க் காரணம்: விற்பனை நடந்த ஊர், பெல் விடுதி உரிமையாளர் கூப்பர் தார்ன்ஹில், 18-ஆம் நூற்றாண்டு
- பால்: பாஸ்டர் முறையில் சூடேற்றிய பசும்பால்
- துளையிடல்: சுமார் 6-ஆம் வாரம்
- ஸ்டிச்செல்டன்: காய்ச்சாத பாலில் 2006 முதல் தயாராவது, ஸ்டில்டன் பெயருக்கு உரிமை இல்லை

பிற முக்கிய வகைகள்
- கோர்கன்சோலா: இத்தாலி, பசும்பால், டோல்சே (மென்மை, குறைந்தது 50 நாள்), பிக்காந்தே (காரம், குறைந்தது 80 நாள்)
- கப்ராலெஸ்: அஸ்டூரியாஸ், ஸ்பெயின், இயற்கைச் சுண்ணாம்புக் குகைகளில் முதிர்வு
- டானாப்ளூ: டென்மார்க், உருவாக்கியவர் மாரியஸ் போயல், கொழுப்புத் துளிகளை நுண்ணியதாக உடைத்த பால், நொதி வேலை விரைவு
- புளூ தோவெர்ன்: பிரான்ஸ், உருவாக்கியவர் அன்டுவான் ரூசெல், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி, ஊசித் துளை முறையுடன் இணைத்துப் பேசப்படுபவர்
- ரோக் ரிவர் புளூ: ஓரிகன், அமெரிக்கா; 2019 உலகப் பாலாடைக்கட்டி விருது; பட்டம் வென்ற முதல் அமெரிக்கத் தயாரிப்பு

சுவைக்கும் முறை
- வெப்பநிலை: அறை வெப்பம், குளிர்பெட்டிக்கு வெளியே சுமார் 1 மணி நேரம், குளிரில் மணம் அடங்கும்
- வெட்டு: நடுவிலிருந்து ஓரம் வரை ஆப்பு வடிவம், நீலம் மிக்க நடுவும் வெண்மையான ஓரமும் ஒரே துண்டில்
- விதி: உப்புக்கு எதிர் இனிப்பு
- மரபு இணைகள்: ரோக்ஃபோர் – சொத்தேர்ன் இனிப்பு ஒயின், ஸ்டில்டன் – போர்ட் ஒயின், கோர்கன்சோலா – பேரிக்காய், அக்ரூட் கொட்டை
- முதல் சுவைக்கு: கோர்கன்சோலா டோல்சே, தேனுடன்
- எச்சரிக்கை: கர்ப்பிணிகள் மென்மையான நீல வகைகளைத் தவிர்த்தல், காரணம் லிஸ்டீரியா பாக்டீரியா

குழப்பம் தவிர்க்க
- கேமம்பெர்: வெளிப்புற வெண்பூஞ்சை, பெனிசிலியம் கேமம்பெர்டி
- பெனிசிலின் மருந்து (ஃபிளெமிங், 1928): அதே பேரினம், வேறு சிற்றினம்
- எம்மென்டால் துளைகள்: பாக்டீரியா வெளியிடும் வாயு, நீலக் கட்டியின் துளைகள்: ஊசி

நினைவுத் தொடர்
- ஊசி → காற்று → பூஞ்சை → நீலம் → மணம்