கீழாநெல்லியை அரைக்கும் முன்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்துவிட்டு வந்து பிரிக்பீல்ட்ஸில் வைத்தியசாலை திறந்திருக்கிறாய். சந்தோஷம். கண் மஞ்சளானவர்கள் சீக்கிரமே உன் வாசலுக்கு வருவார்கள். தோட்டத்தில் வளர்ந்த நம் பாட்டிமார்களுக்குக் காமாலை என்றால் கீழாநெல்லிதான். நெல்லிக்காய் அளவு அரைத்து, மோரில் கரைத்து, வெறும் வயிற்றில் மூன்று நாளோ ஏழு நாளோ கொடுப்பார்கள். கூடவே உப்பில்லாப் பத்தியம். கிள்ளான் கடைத்தெருவில் இன்றும் இதைக் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு.

படித்த பிள்ளைகள் ஆதாரம் கேட்பார்கள். அதற்கு நீ தயாராக இருக்க வேண்டும். 1988-ல் ‘லான்செட்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு செய்த ஆய்வு. ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976-ல் நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அதில் கையெழுத்திட்டிருந்தார். உடம்பில் அந்தக் கிருமியைச் சுமந்து திரிந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடி, தினம் மூன்று வேளை, 30 நாள். பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. தமிழ்நாடே துள்ளியது.

இத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள்தான் அதிகம். நீ நிறுத்தாதே. இரண்டு பக்கமும் ஆட்கள் குறைவு, சமமாகவும் இல்லை. எழுதியவர்களே அதை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொன்னார்கள். பிறகு 1990-ல் தாய்லாந்தில் அதே செடியைக் கொடுத்துப் பார்த்தார்கள், கிருமி போகவில்லை. 1994-ல் நியூசிலாந்திலும் அதே கதைதான். இன்றைய நிலையில் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி-யைக் கீழாநெல்லி ஒழிக்கும் என்று நோயாளியிடம் சொல்ல உனக்கு உரிமை இல்லை. 1988 கட்டுரையை லாமினேட் செய்து சுவரில் மாட்டினால், மற்ற இரண்டையும் பக்கத்திலேயே மாட்டு.

அப்படியானால் பாட்டி கொடுத்து எத்தனையோ பேருக்குக் குணமானதே? ஆனது உண்மைதான். அன்று ஊரில் வந்த காமாலையில் பெரும்பங்கு தண்ணீரிலும் சாப்பாட்டிலும் பரவியது. ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக ஹெபடைடிஸ் பி தொற்றினாலும் பெரும்பாலோரின் உடம்பே அதை விரட்டிவிடும். பேர் மட்டும் செடிக்குப் போனது. இதைச் சொன்னால் நம் சங்கத்துப் பெரியவர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

கீழாநெல்லி கொடிய விஷமல்ல. அதை நம்பிக் கழிகிற நாட்கள்தான் ஆபத்து. மலம் களிமண் போல வெளுத்து, உடம்பெல்லாம் அரிப்பெடுத்தால் பித்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். அது கல்லாகவும் இருக்கலாம், கட்டியாகவும் இருக்கலாம். மஞ்சளோடு காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் இருந்து, வெள்ளத்திலோ சாக்கடையிலோ கால் வைத்தவர் என்றால் எலிக் காய்ச்சலை நினை. சம்சு சாராயம் குடித்துக் கல்லீரல் கெட்டவர் உண்டு, காசநோய் மாத்திரையால் கெட்டவரும் உண்டு. கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. பேச்சுக் குழறுகிறது, பகலெல்லாம் தூங்குகிறார் என்று வீட்டார் சொன்னால் நாடி பார்த்துக்கொண்டிருக்காமல் காரை எடுக்கச் சொல். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் என்றால் இலையைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. ரத்தப் பரிசோதனைத் தாள் கைக்கு வராமல் யாருக்கும் அரைக்காதே.

செடியைப் பற்றியும் கொஞ்சம். பழைய புத்தகங்களில் பில்லாந்தஸ் நிரூரி என்று இருக்கும். அது அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் பக்கம் முளைப்பது பெரும்பாலும் பில்லாந்தஸ் அமாரஸ். சிறுகிளையின் அடியில் வரிசையாகத் தொங்கும் காய்களைக் கையில் எடுத்துப் பார். அமாரஸ் காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இருக்கும். தண்டு சிவந்து, காய் சொரசொரப்பாக, காம்பே இல்லாததுபோல ஒட்டியிருந்தால் அது யூரினாரியா. மலாய்க்காரர்கள் இரண்டையுமே டுக்குங் அனாக் என்பார்கள், கடைத்தெருவில் கட்டுக் கட்டி விற்கும் கிழவியும் இரண்டையும் சேர்த்தேதான் கட்டுவாள். சந்தேகம் வந்தால் கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தில் காட்டிக் கேட்கலாம்.

எங்கே பறித்தது என்றும் கேள். காப்பார் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இது காடாக மண்டிக் கிடக்கும். மலேசியாவில் பாராகுவாட் என்ற களைக்கொல்லியை 2020-ல் தடை செய்துவிட்டார்கள், ஆனால் களைக்கொல்லி அடிப்பதே நின்றுவிடவில்லை. என்னால் முடிந்தவரை தொட்டியில் வளர்த்ததைத்தான் பயன்படுத்துகிறேன்.

விலங்குகளில் செய்த ஆய்வுகளில் கீழாநெல்லி ரத்தச் சர்க்கரையைக் குறைத்திருக்கிறது. நம்மவர்களில் எத்தனை பேர் சர்க்கரை மாத்திரை போடுகிறார்கள் என்று உனக்கே தெரியும். எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுவரச் சொல்.

பொட்டலம் கட்டி விற்க ஆசை வந்தால், பதிவு எண் இல்லாமல் விற்காதே. ‘காமாலை நிச்சயம் குணமாகும்’ என்று பலகையும் வைக்காதே; மருந்து விளம்பரத்துக்கு 1956 முதலே இங்கே சட்டம் இருக்கிறது. 2016-ல் வந்த பாரம்பரிய மருத்துவச் சட்டத்தைத் தொந்தரவு என்று சிலர் புலம்புகிறார்கள். போலிகளோடு சேர்த்து எண்ணப்படாமல் இருக்க எனக்கு அது வேண்டும்.

மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மருந்து ஒழுங்குமுறை அலுவலகத்துக்குத் தெரிவி. நாட்டு மருந்துக்கும் அங்கே புகார் எடுத்துக்கொள்வார்கள். என்ன கொடுத்தாய், எவ்வளவு, எந்தத் தேதி என்று சீட்டில் எழுதி நோயாளியிடம் கொடுத்தனுப்பு. எழுத்து தெளிவாக இருக்கட்டும். கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரியில் நள்ளிரவில் அதைப் படிக்கப்போகிற டாக்டருக்குத் தமிழ் தெரிந்திருக்காது, மலாயிலும் ஒரு வரி எழுதிவிடு.

அன்புடன்,
கிள்ளானிலிருந்து உன் அண்ணன்