அலுவலகத்திற்குள் நுழைந்த கைப்பேசி

விஞ்ஞானம் வளர வளர மனிதன் வேலை செய்யும் முறையும் மாறி வருகிறது என்பதை நாம் அறிவோம். ஆனால் அம்மாற்றத்தின் திசையே மாறிவிட்டதை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

முன்பெல்லாம் புதிய இயந்திரம் முதலில் அலுவலகத்திற்கு வரும். பல ஆண்டுகள் கழித்தே வீட்டிற்கு வரும். கணிப்பொறி அப்படித்தான் வந்தது. 1960களில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் அதைக் கொண்டுவந்தபோது, வேலை போய்விடுமே என்று கல்கத்தாவில் ஊழியர்கள் எதிர்த்தார்கள். ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் அந்த இயந்திரத்தை வாங்குவதும் காப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பு.

இன்றோ நிலைமை தலைகீழ். 2007-ஆம் ஆண்டு ஐபோன் வெளிவந்தபின், சொந்த உபயோகத்திற்கு வாங்கிய கைப்பேசியை ஊழியர்கள் அலுவலகத்திற்கும் கொண்டுசென்றார்கள். நிறுவனம் கொடுத்த கருவியைவிட அது பல வேலைகளுக்கு எளிதாக இருந்தது! முதலில் தயங்கிய நிர்வாகங்களும் பிறகு இணங்கின.

நம் ஊரையே பாருங்கள். விசைத்தறிச் சேலையின் பார்டர் மாதிரி வாட்ஸ்அப்பில் போகிறது. கேரளத்திற்குப் போகும் மல்லிகைக்குக் கைப்பேசியிலேயே விலை பேசுகிறார்கள். 2016-இல் யு.பி.ஐ. வந்தபின் பணமும் அதிலேயே வருகிறது. இதற்காக எந்த வியாபாரியும் கணிப்பொறிப் பிரிவு தொடங்கவில்லை. வீட்டில் பேரன் விளையாடும் அதே கைப்பேசிதான் கடையில் கணக்குப்பிள்ளை! நம் தென்காசி மாவட்டத்து மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ஸோஹோ நிறுவனம் மட்டும் எதிர்வழியில் நடந்தது. அலுவலக மென்பொருள்களால் பெயர் பெற்ற பின், 2021-இல் வீட்டாருக்கும் 'அரட்டை' என்னும் செயலியைத் தந்தது.

வசதி உண்டு; சிக்கலும் உண்டு. அலுவலக இரகசியம் சொந்தக் கைப்பேசியில் இருந்தால் அதைக் காப்பது யார்? கைப்பேசி தொலைந்தால், நிர்வாகம் தொலைவிலிருந்தே அதில் உள்ளதை அழிக்க முடியும். இம்முறை வந்த புதிதில், அலுவலகக் கடிதங்களோடு குடும்பப் புகைப்படங்களும் அழிந்துபோகும். பின்னரே அலுவலகப் பகுதியைத் தனியே பிரித்து வைக்கும் ஏற்பாடு வந்தது. 2025 ஜனவரியில் மத்திய நிதி அமைச்சகம், சாட்ஜிபிடி, டீப்சீக் போன்றவற்றை அலுவலகக் கருவிகளில் பயன்படுத்த வேண்டாம் என்று தன் ஊழியர்களுக்கு அறிவுறுத்தியது. வீட்டில் பழகியதை அலுவலகத்திலும் செய்யத் தோன்றும் அல்லவா?

இரகசியத்தைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நேரம். என் சித்தி ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறார். கைப்பேசி அவருடையது, மாதாமாதம் ரீசார்ஜ் செய்வதும் அவரே. ஆனால் இரவு பத்து மணிக்கும் அலுவலகக் குழுவில், "அந்தப் பில் எங்கே?" என்று செய்தி வரும். தோசைக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் எழுதுவார். அலுவலகத்து மேசையைப் பூட்டிவிட்டு வரலாம்; கைப்பேசியை எங்கே பூட்டுவது?

பிரான்சு நாட்டில் 2017 முதல், ஐம்பது பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்கள், வேலை நேரத்திற்குப் பின் ஊழியர் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமை குறித்து அவர்களுடன் பேசவேண்டும் என்று சட்டம் உள்ளது. நம் மக்களவையிலும் 2018-இல் சுப்ரியா சுலே இதே உரிமை கோரித் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.