பழைய கணனிக்குப் புது உயிர்: பென்டிரைவில் லினக்ஸ் ஏற்றுவோம்



இப்போது பல லயங்களில் ஒரு பழைய மடிக்கணனியைக் காண்கிறோம். கொழும்பில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ கொடுத்ததாக இருக்கும். திறந்தால் ஒரு தேத்தண்ணி குடித்து முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதில் அநேகமாக விண்டோஸ் 10 இருக்கும். அதற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய கணனிகளில் ஏறாது. அதற்காகக் கணனியை வீசிவிட வேண்டுமா? வேண்டாம். லினக்ஸ் இருக்கிறது.

லினக்ஸ் என்பது என்ன?

1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. உலகெங்கும் உள்ளவர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். காசு இல்லை, பிறருக்குக் கொடுப்பதும் குற்றமில்லை. ஒரு தாய்ச் செடியில் வெட்டிய குச்சிகளால் தவறணை முழுவதும் நிரம்புவதைப் போல, ஒரு பென்டிரைவ் ஒரு லயத்துக்கே போதும்.

எமது ஊர் கல்முனை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்த நாட்களில் காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவு செய்ய, இலங்கைத் தொண்டர்கள் ‘சஹானா’ என்ற மென்பொருளைச் செய்தார்கள். சிங்களத்தில் அதற்கு நிவாரணம் என்று பொருள். அதுவும் இப்படி எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டதே. 2005இல் பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும் அது உதவியது. ஆகவே இலவசம் என்றால் மட்டம் என்று எண்ண வேண்டாம்.

எமக்கு நடந்தது

பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, பிள்ளை மடுவத்து நிறைக் கணக்கு இருந்த கணனியையும் கொண்டுபோனோம். லினக்ஸ் ஏற்றித் தந்தவர் எமது தங்கையின் மகன்.

“மாமா, உள்ளுக்கு இருந்ததெல்லாம் வேற இடத்துல எடுத்து வெச்சீங்களா?” என்று இரண்டு முறை கேட்டார்.

“ஓம், ஓம்” என்றோம். எடுத்து வைத்தது கடிதங்களை மட்டுந்தான். இரண்டு வருட நிறைக் கணக்கு அழிந்தது. கவ்வாத்துப் பண்ணிய தேயிலை மீண்டும் துளிர்க்கும். அழித்த டிஸ்க் துளிர்க்காது.

திரும்பி வந்து லயம் லயமாக ஏறி இறங்கினோம். “ஐயா, எங்க புள்ள நிறை கார்ட்டுல இருக்குங்க” என்று தாய்மார் கார்ட்டை எடுத்துத் தந்தார்கள். அதைப் பார்த்து மீண்டும் எழுதினோம். மழையில் நனைந்து போன சில கார்ட்டுகளின் கணக்கு மட்டும் இன்றும் இல்லை. அதனால்தான் முதற்படியை அழுத்திச் சொல்கிறோம்.

செய்யும் முறை

1. போட்டோ, பாடக்குறிப்பு, கணக்கு எல்லாவற்றையும் வேறொரு பென்டிரைவுக்கு மாற்றுங்கள். அதை வேறு கணனியில் திறந்து பார்த்த பிறகே அடுத்த படி.

2. லினக்ஸ் மின்ட் ‘எக்ஸ்எப்சிஈ’ வகை பழைய கணனிக்கு நல்லது. ராம் 2 ஜீபீயாவது வேண்டும்; 4 இருந்தால் சுகம். கோப்பு ஏறத்தாழ 3 ஜீபீ. டேட்டா இல்லாதவர்கள் இறக்கி வைத்திருப்பவரிடம் வாங்கலாம்.

3. 8 ஜீபீ பென்டிரைவ் ஒன்றில் ‘ரூபஸ்’ என்ற மென்பொருளால் அந்தக் கோப்பை எழுதுங்கள். சும்மா கொப்பி பண்ணினால் வேலை செய்யாது. அந்தப் பென்டிரைவில் முன்பு இருந்ததும் அழியும்.

4. பென்டிரைவைச் செருகிக் கணனியை மீளத் தொடங்குங்கள். உடனே டெல், லெனோவோ என்றால் எப் 12, எச்பி என்றால் எப் 9 விசையை விட்டுவிட்டுத் தட்டுங்கள். வரும் பட்டியலில் யூஎஸ்பியைத் தெரிவு செய்யுங்கள்.

5. இப்போது லினக்ஸ் பென்டிரைவிலிருந்தே ஓடும். கணனியில் இன்னும் எதுவும் மாறவில்லை. வைபை, சத்தம், விசைப்பலகை சரியா என்று பாருங்கள். பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்.

6. பிடித்திருந்தால் சார்ஜரைச் செருகிவிட்டு, திரையில் உள்ள ‘இன்ஸ்டோல்’ படத்தை அழுத்துங்கள். மொழியில் தமிழும் உண்டு. ‘இரேஸ் டிஸ்க்’ என்றால் எல்லாம் அழியும். ‘இன்ஸ்டோல் எலோங்சைட்’ என்றால் விண்டோஸும் பக்கத்தில் இருக்கும். இங்கே அவசரப்பட வேண்டாம். வாசித்துப் பார்த்து அழுத்துங்கள்.

7. முடிந்ததும் பென்டிரைவைக் கழற்றி மீளத் தொடங்குங்கள். கடிதம் எழுத, கணக்குப் போட லிப்ரே ஒபிஸும், இணையத்துக்கு பயர்பொக்ஸும் உள்ளேயே இருக்கும்.

பெற்றோரே, பிள்ளை இதைச் செய்யும்போது பக்கத்தில் உட்காருங்கள். கணனி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. “எல்லாம் எடுத்து வெச்சியா?” என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். “ஓம்” என்றால், “எங்க, காட்டு” என்று கேளுங்கள்.