ஸ்பிரே டவர் புகை கக்குகிறதா? தண்ணீரில் தொடங்குங்கள்

1898 பிளேக் நோய்க்குப் பிறகு, ஜனங்கள் நெரிசலில்லாமல் காற்றோட்டமாகக் குடியிருக்கட்டும் என்று வகுத்த பேட்டை பெங்களூரின் பிரேசர் டவுன். இன்று மசூதி சாலைப் பக்கம், சமையலறைப் புகைக்குழாய் எதிர்வீட்டு ஜன்னலைத் தொடாத குறை. பெரிய சமையலறைகள் புகையைக் கழுவ மொட்டைமாடியில் ஸ்பிரே டவர் வைப்பதுண்டு. பீன்யாவின் முலாம் பட்டறைகளில் அமில ஆவிக்கு நிற்பதும் இதே ஜாதிதான்.

வேலை எளிது. கீழிருந்து புகை ஏறும், மேலிருந்து நாசில்கள் தண்ணீர் தூவும். பிசுக்கும் கரியும் துளிகளில் ஒட்டித் தொட்டியில் விழும். பம்ப் அதே தண்ணீரைத் திரும்ப மேலேற்றும். உச்சியில், துளிகள் வெளியே பறக்காமல் தடுக்க டெமிஸ்டர் என்ற வலை.

புகை கூடியதும் முதலாளிகள் சொல்வது, "ப்ளோயரைக் கூட்டு." கூட்டினால் புகை வேகமாக ஓடும், தண்ணீரோடு உறவாட நேரமிருக்காது, மாடியில் காயும் துணியில் கருப்புத் துளி விழும். பெங்களூரில் டவர் கெடுவது பெரும்பாலும் தண்ணீரால்தான். 2024 கோடையில் குடிநீரில் கார் கழுவினாலே 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். ஆகவே டவருக்குப் போவது போர் தண்ணீர், அதுவும் உப்புத் தண்ணீர்.

எதைத் தொடும் முன்பும் மெயின் சுவிட்சை அணைத்து, 'வேலை நடக்கிறது' என்று அட்டை மாட்டுங்கள். டவருக்குள் தலையை விடாதீர்கள். அழுகிய சேற்றிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு ஆளைக் கேட்டுவிட்டு மயக்காது.

முதலில், பம்ப் ஓடும்போதே, அதன் பக்கத்துப் பிரஷர் கேஜ். எல்லாம் சுத்தமாக இருந்த நாளின் அளவைப் பெயின்டால் குறித்து வையுங்கள். முள் அதற்கு மேலே ஏறினால் நாசில் அடைப்பு. கீழே இறங்கினால் ஸ்ட்ரெயினரில் குப்பை, பம்ப் காற்றை இழுக்கிறது, அல்லது நாசில் துளை தேய்ந்து அகன்றுவிட்டது.

அடுத்து நாசில். பார்வை ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் குடைபோல் விரிய வேண்டும். ஒரே தாரையாகக் கொட்டினால் சுவிட்சை அணைத்துக் கழற்றுங்கள். துளையைச் சுற்றி வெள்ளையாக, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்வது சுண்ணாம்புப் படிவு. லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டால், காலையில் பழைய டூத்பிரஷ் போதும். கம்பியால் குத்தும் பழக்கம் எல்லா இடத்திலும் இருக்கிறது. குத்தினால் துளை கோணிவிடும், அப்புறம் அந்த நாசில் குடை விரிக்காது. அமிலத்தோடு பிளீச்சிங் கலந்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும்.

தொட்டித் தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு செறியும். தினமும் ஒரு பங்கைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் சேருங்கள். திறந்துவிடுவது எண்ணெய்ப் பொறி வழியாகச் சாக்கடைக்குப் போகட்டும், ராஜகாலுவை என்ற மழைநீர்க் கால்வாய்க்கு அல்ல.

நுரை பொங்கினால் பாத்திர சோப்பு கலந்ததா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் தொட்டித் தண்ணீரில் சேர்க்கும் காஸ்டிக் சோடா கூடிப்போயிருக்கும். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு தானே. முலாம் பட்டறைக்குக் காரம் அவசியம், அமிலத்தை முறிக்க வேண்டுமே. சமையலறைக்கு அவ்வளவு தேவையில்லை. பிஎச் தாளில் 8 காட்டினால் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியில் டெமிஸ்டர். டவரின் கீழுக்கும் மேலுக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் வாரத்துக்கு வாரம் ஏறினால் அதில் பிசுக்கு அடைத்திருக்கிறது. வெந்நீரும் சோப்பும் போதும். கொதிநீர் ஊற்றினால் பிளாஸ்டிக் வளைந்து, இடுக்கு வழியாகத் துளிகள் பறக்கும். திரும்ப மாட்டும் முன் நன்றாக அலசுங்கள், மிச்ச சோப்பு தொட்டியில் நுரைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் நீலநிறப் புகை வந்தால் டவர் மேல் பழி போடாதீர்கள். மைக்ரானுக்கும் குறைவான எண்ணெய்த் துகள்களை இந்தத் தூவானம் பிடிக்காது. டவருக்கு முன்னால் நிலைமின் வடிகட்டி வேண்டும். கரி அடுப்பின் கார்பன் மோனாக்சைடையும் தண்ணீர் கழுவாது. புகைக்குழாயை அக்கம்பக்கத்துக் கூரைகளுக்கு மேலே உயர்த்தத்தான் வேண்டும்.