மழை இறங்குமுன்: கொட்டகைக்குள் வெறுங்காலோடு போகாதீர்கள்

மே மூன்றாம் வாரத்தை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை நம் அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வந்துவிடும். கேரளத்துக்கும் முன்னால் நமக்குத்தான் முதல் மழை. அதன் பிறகு டிசம்பர் வரை ஈரம் காயாது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழையில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் கொட்டுகிறது. ஜனவரி முதல் ஏப்ரல் வரை புல் காய்ந்து, மாடும் ஆடும் விலா எலும்பு தெரிய நிற்கிற நேரத்தில் மழை தொடங்குகிறது. மெலிந்த உடம்பில் நோய் சுலபமாக ஏறும். போன மழைக்காலத்தில் பசு கன்று வீசிய வீட்டிலேயே அதன் பாலைக் கறந்தவரும் காய்ச்சலில் விழுந்ததைப் பார்த்தேன். அந்த வீட்டில் போனது ஒரு கன்றோடு நிற்கவில்லை. இந்த ஆண்டு முன்கூட்டியே எழுதுவது அதனால்தான்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கூரை ஓட்டையை இப்போதே அடைத்துவிடுங்கள். சாரல் அடிக்கும் பக்கம் ஓலைத் தட்டியோ தார்ப்பாயோ கட்டுங்கள். தரையில் குழி இருந்தால் கல்லும் மண்ணும் போட்டு இடித்து, மூத்திரம் தேங்காமல் ஓடும்படி சரிவு கொடுங்கள். கொட்டகையைச் சுற்றி வடிகால் வெட்டுங்கள். அந்த வடிகால் கிணற்றுப் பக்கமோ நாலா என்கிற ஓடையின் பக்கமோ போகக் கூடாது. ஆடுகளுக்குத் தரையிலிருந்து மூன்று நான்கு அடி உயரத்தில் பரண் வேண்டும். பாக்குமரச் சட்டங்களே போதும். புழுக்கை கீழே விழ வேண்டும், குட்டியின் கால் இடுக்கில் மாட்டக் கூடாது. வளர்ந்த குளம்பை வெட்டிவிடுங்கள், ஈரத்தில் அது அழுகும். குடற்புழு மருந்தைச் சாணியைக் காட்டிவிட்டுக் கொடுங்கள். தாழ்வான நிலத்தில் மேய்கிற மாட்டுக்குத் தட்டைப்புழுவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தொண்டை அடைப்பான், சப்பை நோய், கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய் ஆகியவற்றில் எந்த ஊசி பாக்கி என்று கால்நடை மருந்தகத்தில் கேட்டு உடனே போட்டுக்கொள்ளுங்கள். ஊசி வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும். மழை பிடித்த பிறகு ஓடிவருவதில் பலன் குறைவு.

தீவனத்தைப் பற்றிக் கொஞ்சம். நம்மிடம் வரும் மூட்டை கப்பலில் வருவது. கடல் கொந்தளித்தால் கப்பல் நிற்கும், விலை ஏறும். ஒரு மாதத்துக்கு வேண்டியதைக் கையில் வைத்திருங்கள். அதற்கு மேல் சேர்த்தால் இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூட்டையைத் தரையில் போடாமல், சுவரில் சாய்க்காமல், மரச்சட்டத்தின் மேல் அடுக்குங்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைக் காயவைத்துக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். வெயிலில் பூஞ்சணம் மறையும், அதன் நஞ்சு மறையாது. வேலியில் நிற்கும் கிளைரிசிடியாத் தழையை வெட்டி, ஒரு நாள் வாடவிட்டு, மற்றத் தீவனத்தோடு கலந்து கொடுங்கள். முதல் மழையில் முளைக்கும் இளம்புல்லை வெறும் வயிற்றில் மேயவிடாதீர்கள். கொஞ்சம் வைக்கோல் போட்டுவிட்டு அவிழ்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் கழியும், வயிறு உப்பும்.

இதெல்லாம் தெரிந்ததுதான், செய்கிறவர்கள் செய்கிறீர்கள். எனக்குத் தூக்கம் கெடுவது வேறொன்றால்.

எலிக்காய்ச்சல்.

இந்த நோய் நம் தீவுகளுக்குப் புதியதல்ல. 1931இலேயே டெய்லர், கோயல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்தமானில் இது பரவியிருப்பதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்கள். அதன்பின் பல பத்தாண்டுகள் யாரும் இதைக் கவனிக்கவில்லை. 1980களின் கடைசியில் திக்லிப்பூர்ப் பக்கம், மழை ஓயும் மாதங்களில், காய்ச்சலோடு ஆட்கள் இருமி ரத்தம் கக்கி இறந்தபோது நோய் என்னவென்று தெரியாமல் அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல் என்று அழைத்தார்கள். அது எலிக்காய்ச்சல்தான் என்பதை 1990களில், அப்போது போர்ட்பிளேர் என்று அழைக்கப்பட்ட நம் தலைநகரிலுள்ள ஐ.சி.எம்.ஆர். மண்டல மருத்துவ ஆய்வு மையம் உறுதிப்படுத்தியது. வேறு இடங்களில் ஈரலையும் சிறுநீரகத்தையும் தாக்குவதாகப் பேசப்படும் இந்த நோய், நம்மிடம் நுரையீரலையும் பிடிக்கிறது. அப்படிப் பிடித்தால் அவகாசம் சில மணி நேரம்தான்.

எலியை மட்டும் ஒழித்தால் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் பசுவும் ஆடும் பன்றியும் நாயும் இந்தக் கிருமியைச் சுமக்கும். நோய் ஆறி, நன்றாகத் தின்று, நன்றாகக் கறக்கும் மாட்டின் சிறுநீரகத்தில் கிருமி மாதக்கணக்கில் குடியிருக்கும். ஒரு பசு நாளைக்குப் பத்து லிட்டர் அளவுக்கு மூத்திரம் விடுகிறது. கொட்டகைத் தரை, வாசல் சேறு, மேய்ச்சல் குட்டை எல்லாவற்றிலும் அது கலக்கிறது. வெயில் காய்ந்தால் கிருமி சாகும். ஈர மண்ணில் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட உயிரோடு இருக்கும். நமக்கோ எட்டு மாதம் ஈர மண்தான்.

அந்த ஈரத்தில்தான் வெறுங்காலோடு நிற்கிறீர்கள்.

கிருமி உள்ளே போகப் பெரிய புண் தேவையில்லை. சேற்றுப்புண் போதும், அட்டை கடித்த இடம் போதும், முள் கீறல் போதும். நெடுநேரம் தண்ணீரில் ஊறி வெளுத்த தோல் வழியாகவும் போகும். மாடு மூத்திரம் விடும்போது முகத்தில் தெறித்தால் கண் வழியாகவும் போகும். மத்திய அந்தமானில் ஏற்பட்ட ஒரு நோய்ப்பரவலை ஆராய்ந்து 2009இல் வெளியான கட்டுரை, யாருக்கு நோய் அதிகம் வந்தது என்று பார்த்தது. வீட்டில் மாடு வைத்திருப்பவர்கள், ஓடைத் தண்ணீர் குடிப்பவர்கள், குப்பையைக் கையாளுபவர்கள், வெறுங்காலோடு நடப்பவர்கள், தண்ணீரில் நின்று வேலை செய்பவர்கள். இதில் எத்தனை உங்களுக்குப் பொருந்துகிறது என்று எண்ணிப் பாருங்கள். நம் செட்டில்மென்ட் வீடுகளில் பெரும்பாலோருக்கு ஐந்தில் குறைந்தது மூன்று பொருந்தும்.

2004 சுனாமியின்போது தென் அந்தமான் நிலம் கீழே இறங்கி, சிப்பிகாட் போன்ற இடங்களில் தாழ்வான வயல்கள் உப்புநீரில் போயின. மேய்ச்சல் சுருங்கிய ஊர்களில் எல்லா வீட்டு மாடுகளும் ஒரே மேட்டில் மேய்ந்து, ஒரே குட்டையில் இறங்குகின்றன. அங்கே நோய் ஒரு வீட்டோடு நிற்காது. முடிந்தவரை கிணற்றுத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வீட்டிலேயே காட்டுங்கள். குட்டையைச் சுற்றி இரண்டு வரிசை மூங்கில் வேலி போட்டால்கூட மாடு உள்ளே இறங்கி மூத்திரம் விடுவது குறையும்.

பசுவில் இந்த நோயை முதலில் அறிவது கறப்பவரின் கைதான். நேற்று ஐந்து லிட்டர் கறந்த பசு இன்று அரை லிட்டரோடு நின்றுவிடும். மடிவீக்கம் என்றால் மடி இறுகும், சூடேறும், தொட்டால் உதைக்கும். இதில் அவை எதுவும் இருக்காது. நான்கு காம்பும் ஒருசேரத் தளர்ந்து, மடி தொளதொளவென்று தொங்கும். வருகிற கொஞ்சப் பாலும் சீம்பாலின் கெட்டியில் மஞ்சளாக வரும், சிலவற்றில் ரத்தம் கலந்திருக்கும். இப்படிக் கண்டால் கறப்பதை நிறுத்திக் கையை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கன்றில் வேறு மாதிரித் தெரியும்: காய்ச்சல், கண் வெள்ளையில் மஞ்சள், தேநீர் நிறத்திலோ சிவப்பாகவோ மூத்திரம். உண்ணிக் காய்ச்சலிலும் மூத்திரம் சிவக்கும். ஆகவே நீங்களே முடிவு செய்து கடையில் ஊசி வாங்கிப் போடாதீர்கள். அளவு குறைந்த மருந்தில் காய்ச்சல் இறங்கும், கிருமி சிறுநீரகத்தில் தங்கிவிடும். குதிரை வளர்க்கும் நாடுகளில் இதே கிருமி கண்ணுக்குள் தங்கி, ஆறியது என்று நினைத்த கண்ணை மறுபடி மறுபடி சிவக்கவைத்துக் கடைசியில் குருடாக்குவதைப் பார்க்கிறார்கள். வெளியே ஆறியதாகத் தெரிவதை வைத்து இந்த நோயை நம்பிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

சினையின் கடைசி மாதங்களில் கன்று வீசினால்? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. எத்தனை முறை சொன்னாலும், செத்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தூக்கி நாலாவில் போடுகிறீர்கள். அந்த நாலா கீழே இன்னொரு வீட்டுக்குக் குடிதண்ணீர். நஞ்சுக்கொடியை நாய் இழுத்துக்கொண்டு போய் இன்னொரு கொட்டகை வாசலில் போடுகிறது. நாலு நாள் கழித்து அந்த வீட்டிலும் காய்ச்சல் என்றால் ஆச்சரியப்படுகிறீர்கள். கன்று வீசுவதற்கு எலிக்காய்ச்சல் மட்டும் காரணமல்ல, புரூசெல்லா என்ற கருச்சிதைவு நோயும் உண்டு, அதுவும் மனிதருக்குத் தொற்றும். எதுவாக இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றே. தொடாதீர்கள். முதலில் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள், பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டியிருக்கும். பிறகு கையுறை போட்டு, கையுறை இல்லாவிட்டால் கையில் தடித்த பாலித்தீன் பையை மாட்டிக் கட்டிக்கொண்டு, கிணற்றுக்கும் நாலாவுக்கும் தள்ளி மேட்டில் ஆறடிக் குழி தோண்டி, சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாய் தோண்டாமல் மேலே கல் வையுங்கள். அந்தப் பசுவைக் குறைந்தது மற்றச் சினை மாடுகளிடமிருந்தாவது பிரித்துக் கட்டுங்கள்.

தரையை எப்படிச் சுத்தம் செய்வது என்று கேட்பவர்களுக்கு: முதலில் சாணியையும் சேற்றையும் மண்வெட்டியால் வழித்து அள்ளுங்கள். சாணியின் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவுவது பவுடருக்கு நஷ்டம். அதன் வீரியம் சாணியிலேயே தீர்ந்துபோகும். வழித்த தரையில், லிட்டருக்கு 30 கிராம் கணக்கில் கரைத்த பிளீச்சிங் தண்ணீரை ஊற்றி அரை மணி நேரம் விட்டு, பிறகு கழுவுங்கள். மாட்டை அப்போது வெளியே கட்டுங்கள். வாசல் தெளிக்கச் சாணியைக் கையால் கரைக்கும் அம்மாக்களும் அக்காக்களும் மழைக்காலம் முடியும்வரை அதை நிறுத்திவையுங்கள். சாணியோடு மூத்திரமும் கலந்துதான் வருகிறது. பாலைக் கொதிக்கவைக்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். எலிக்குச் சோறு போடுவது உங்கள் திறந்த தீவன மூட்டைதான். மூடியுள்ள டிரம்மில் கொட்டி வையுங்கள், கொட்டகை ஓரத்தில் குவிந்த தேங்காய் மட்டையை அப்புறப்படுத்துங்கள். மாடு ஆடுகளுக்கு நாம் வழக்கமாகப் போடும் ஊசிகளில் எலிக்காய்ச்சலுக்கானது இல்லை. வீட்டு நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியில் உண்டு, அதை ஆண்டுதோறும் போடுங்கள்.

இப்போது மறுபடியும் காலுக்கு வருகிறேன். கம்பூட் என்கிற உயர ரப்பர் பூட்ஸ் போடுங்கள். வெக்கையாக இருக்கிறது, கால் வேர்க்கிறது, மாடு மிரள்கிறது என்று நீங்கள் சொல்லும் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறேன். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்குப் போகும்போது அட்டைக்குப் பயந்து போட்டுக்கொள்கிற அதே கம்பூட்டைக் கொட்டகை வாசலில் கழற்றி வைக்கிறீர்கள். அட்டை குடிப்பது சொட்டு ரத்தம். கொட்டகைச் சேற்றில் இருப்பது உயிரைக் குடிக்கும். கம்பூட் வாங்கப் பணமில்லாதவர்கள் ஊறாத ரப்பர்ச் செருப்பாவது போட்டு, கால் புண்ணைத் தண்ணீர் புகாத பிளாஸ்திரியால் மூடி, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளை வெறுங்காலோடு கன்று அவிழ்க்க அனுப்பாதீர்கள். வெறுங்காலோடு போகாதீர்கள். இதை இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதினாலும் அதிகமில்லை.

மாத்திரை இருக்கிறதே என்று சிலர் கேட்பீர்கள். டாக்சிசைக்ளின் மாத்திரையை வாரம் ஒரு முறை கொடுத்து வட அந்தமானிலேயே சோதித்தார்கள், முடிவு 2000இல் வெளிவந்தது. மாத்திரை கிருமி தொற்றுவதைத் தடுக்கவில்லை. நோயாக முற்றுவதைக் குறைத்தது. ஆகவே அது கம்பூட்டுக்குப் பதில் ஆகாது. வேண்டுமா வேண்டாமா என்பதை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சொல்லட்டும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் கடையில் வாங்கிச் சாப்பிடக் கூடாத மாத்திரை அது.

மனிதரில் அறிகுறி: திடீர்க் காய்ச்சல், கடுந்தலைவலி, கெண்டைக்கால் தசையைத் தொட்டாலே வலி, கண் சிவப்பு. மூத்திரம் குறைந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாடிக் மருந்திலேயே குணமாகும். முற்றிய பிறகு தலைநகரிலுள்ள ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். மழைக்காலத்தில் ஹட்பே, கச்சால் போன்ற வெளித்தீவு ஊர்களிலிருந்து கப்பல் எப்போது கிளம்பும் என்பது நம் கையில் இல்லை. அக்டோபர், நவம்பரில் நோய் உச்சத்துக்குப் போகும். நெல் அறுப்பும் அப்போதுதான், காய்ச்சலை வேலை அலுப்பு என்று தள்ளிப்போடுவதும் அப்போதுதான். தள்ளிப்போடாதீர்கள். முதல் நாளே மருத்துவரிடம் போங்கள். போனதும், அவர் கேட்காவிட்டாலும், "எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது, நான்தான் கொட்டகை கழுவுகிறேன்" என்று சொல்லுங்கள்.